டாக்டர்கள்கிட்ட சர்வே எடுக்கணுமா? ஆன்லைனா தபாலான்னு நம்ம மலையில அடிக்கடி கேக்கிற கேள்விங்க

ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் நர்ஸிங், ஃபார்மஸி, கம்யூனிட்டி மெடிசின் படிக்கிறவங்க தீசிஸுக்கு டாக்டர்கள்கிட்ட சர்வே எடுக்கணும்னு கிளம்புவாங்க, எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கொஞ்சம் தெரியும்னு யாராவது என் நம்பரைக் கொடுத்துடுறாங்க. ஆள் மாறுறாங்களே தவிர கேள்வி மாறுறதில்ல. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிப்போச்சு, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிருக்கேன். வரிசையா படிங்க, முன்னாடி சொன்னதைப் பின்னாடி திரும்பச் சொல்லல.

அண்ணா, இந்தக் காலத்துல போய் யாராவது தபால் அனுப்புவாங்களா? கூகுள் ஃபார்ம் போட்டா முடிஞ்சுதே?

காலேஜ் பசங்ககிட்ட எடுக்கிற சர்வேன்னா முடிஞ்சுது. டாக்டர்கள் விஷயம் வேற. 2008ல ரெண்டு பெரிய தொகுப்பு ஆய்வு வந்துச்சு, பழைய ஆய்வுகளையெல்லாம் சேத்து வச்சுப் பாத்தது, ரெண்டுலயும் ஆன்லைன் சர்வேக்கு மத்த வழிகளை விட பத்து, பதினோரு சதவீதப் புள்ளி குறைவாதான் பதில் வந்திருக்கு. டாக்டர்களையும் மத்த மருத்துவத் துறை ஆளுங்களையும் மட்டும் எடுத்துப் பாத்த 2007, 2013 தொகுப்புகளும் தபாலை ஆன்லைன் ஜெயிச்சுதுன்னு சொல்லல. டாக்டர்கள் பொதுவாவே பதில் கொடுக்கிறதுல கஞ்சம்தான், 1997ல வந்த ஒரு கணக்குப்படி தபால் சர்வேல டாக்டர்கள் சராசரி 54 சதவீதம், டாக்டர் இல்லாதவங்க 68.

காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. டாக்டர் ஃபோனைப் பாருங்க, பேஷண்ட் அனுப்பின ஸ்கேன் ரிப்போர்ட், லேப் மெசேஜ், மெடிக்கல் ரெப்போட குட்மார்னிங், அதுக்கு நடுவுல உங்க லிங்க். அதுவும் இப்போ ஆர்டிஓ செலான்னு சொல்லி ஏ.பி.கே.ங்கிற ஆப் ஃபைல் அனுப்பிப் பணத்தை உருவுற கூட்டம் அலையுறப்போ, தெரியாத நம்பர்ல இருந்து வர்ற லிங்க்கை எந்த டாக்டர் தொடுவாரு? பேப்பர் கவர் மேஜை மேல கிடக்கும், ஓ.பி. கூட்டம் குறைஞ்சதும் கண்ணுல படும்.

அப்போ தபால்தான் பெஸ்ட்டுன்னு எழுதிடலாமா சார்?

எழுதாதீங்க. ஆஸ்திரேலியாவுல டாக்டர்களை வருஷா வருஷம் கேட்ட மேபெல்னு ஒரு சர்வே இருந்துச்சு, அதுல ஆன்லைன் சம்பந்தப்பட்ட மூணு வழியைக் குலுக்கல்ல பிரிச்சு சோதிச்சுப் பாத்தாங்க, 2011ல பப்ளிஷ் ஆச்சு. ஆன்லைன் மட்டும் அனுப்பினவங்ககிட்ட இருந்து 12.95 சதவீதம் வந்துச்சு. பேப்பர் ஃபார்மும் ஆன்லைன் லாகினும் ஒரே கவர்ல போனதுக்கு 19.7. முதல்ல ஆன்லைன், பதில் வராதவங்களுக்கு ரிமைண்டரோட பேப்பர்னு போனதுக்கு 20.7. செலவு குறைவு ஆன்லைன்தான், ஆனா பதிலும் அந்த அளவுக்குத்தான்.

என்னைக் கேட்டா எதுல எவ்வளவு வருதுங்கிறதை விட எதுல யாரை விட்டுடுறோம்னு பாக்கணும். ஆன்லைன்ல மட்டும் போனா மஞ்சூர்ல தனியா கிளினிக் வச்சிருக்கிற அறுபது வயசு டாக்டர் போயிடுவாரு. தபால்ல மட்டும் போனா நேத்து பி.எச்.சி.ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஜாயின் பண்ணி அடுத்த மாசம் பி.ஜி. சீட் கிடைச்சா கிளம்பப்போற பொண்ணு போயிடும். அதனால நம்ம ஜில்லாவுக்கு நான் சொல்றது மூணாவது வழிதான், ஆன்லைன்ல ஆரம்பிச்சு, பதில் வராதவங்களுக்கு மட்டும் கவர். செலவும் கட்டுக்குள்ள இருக்கும்.

டாக்டர் லிஸ்ட் எங்க கிடைக்கும்? கவுன்சில் ரிஜிஸ்டர் போதுமா?

உண்மையான வேலையே இதுதான், ஆனா இதுக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்க மாட்டேங்கிறாங்க. மெடிக்கல் கவுன்சில் ரிஜிஸ்டர்ல பேரும் பதிவு நம்பரும் இருக்கும், ஆனா பல பேருக்கு அதுல இருக்கிறது பதிவு பண்ணின காலத்து அட்ரஸ். நீலகிரின்னு பதிவானவரு துபாய்ல இருப்பாரு, மதுரைன்னு பதிவானவங்க இருபது வருஷமா கோத்தகிரியில பிராக்டீஸ் பண்ணுவாங்க. அதனால ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர்னு ஆறு தாலுகாவுக்கும் தனித்தனியா நீங்களே லிஸ்ட் போடணும். அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு ஜே.டி. (இணை இயக்குநர்) ஆபீஸ், பி.எச்.சி.க்கு நாம இன்னும் டி.டி. (துணை இயக்குநர்) ஆபீஸ்னு சொல்ற இடம், ரெண்டுலயும் பர்மிஷன் லெட்டரோட போங்க. தனியாருக்கு டாக்டர்கள் சங்கமான ஐ.எம்.ஏ. கிளை, மெடிக்கல் ஷாப்காரங்க, கடைசியா நேர்ல நடந்து போர்டு பாக்கிறது. மெடிக்கல் ஷாப்ல விசாரிச்சா யாரு ஊருல இருக்காங்க, யாரு கிளினிக்கை மூடிட்டாங்கன்னு ஒரு டீ குடிக்கிற நேரத்துல தெரிஞ்சிடும்.

நம்ம மலையில இன்னொரு சிக்கல், விசிட்டிங் டாக்டர்கள். கோயம்புத்தூர்ல இருந்து வாரம் ஒரு நாள் மேல ஏறி வர்ற கார்டியாலஜிஸ்ட் பேரு குன்னூர்லயும் இருக்கும், ஊட்டியிலயும் இருக்கும். ஒரே ஆளுக்கு ரெண்டு கவர் போகும், ஒண்ணுதான் திரும்பி வரும், உங்க கணக்குல இன்னொருத்தரு பதிலே தரலன்னு ஆயிடும். பதிவு நம்பரை வச்சு டூப்ளிகேட் எடுங்க, ஒரே பேர்ல ரெண்டு டாக்டர் இருக்கலாம், ஒரே கவுன்சில்ல ஒரே நம்பர்ல இருக்க முடியாது. விசிட்டிங் டாக்டர்களைச் சேக்கிறீங்களா இல்லையான்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணி எழுதி வச்சிடுங்க, பதில் வந்தப்புறம் முடிவு பண்ணாதீங்க.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர்னா அட்ரஸ்ல எஸ்டேட் பேரு, டிவிஷன், அப்புறம் ‘மெடிக்கல் ஆபீசர்’னு தெளிவா எழுதுங்க. இல்லன்னா கவர் எஸ்டேட் ஆபீஸ் மேஜையிலயே தூங்கும்.

டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் போட்டேன், 80 பேர் ஃபில் பண்ணிட்டாங்க. ரெஸ்பான்ஸ் ரேட் என்னன்னு போடுறது?

போட முடியாது. குரூப்புல எத்தனை பேர் இருக்காங்க, அதுல எத்தனை பேர் மெசேஜைப் பாத்தாங்க, எத்தனை பேர் ஈரோட்டுல இருக்கிற பேட்ச்மேட்டுக்கு ஃபார்வர்ட் பண்ணினாங்க, ஒண்ணுமே உங்களுக்குத் தெரியாது. மொத்தம் எத்தனை பேருக்குப் போச்சுன்னு வகுக்கிறதுக்குக் கீழ போடுற எண் இல்லாம சதவீதம் ஏது? 80 பேர் பதில் சொன்னாங்கன்னு மட்டும் எழுதலாம், ‘நீலகிரி டாக்டர்கள் இப்படி நினைக்கிறாங்க’ன்னு எழுத முடியாது. 2004ல வந்த செர்ரீஸ்னு ஒரு செக்லிஸ்ட் இருக்கு, ஆன்லைன் சர்வேல எதையெல்லாம் வெளிப்படையா எழுதணும்னு சொல்லும், லிங்க்கை எங்க எப்படிப் போட்டீங்கங்கிறதும் அதுல வருது.

எண்ணிக்கை பெருசா இருந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு 1936 அமெரிக்கத் தேர்தலைச் சொல்லுவேன். லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்குத் தபால் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல திரும்பி வந்து, லாண்டன்ங்கிற வேட்பாளர்தான் ஜெயிப்பாருன்னு எழுதுச்சு. ஜெயிச்சது ரூஸ்வெல்ட். லிஸ்ட்டும் கோணல், பதில் போட்டவங்களும் ஒரு பக்கம் சாஞ்சவங்க.

எங்க கைடு 384 பேர் வேணும்னு சொல்றாங்க, ஜில்லாவுலயே அவ்வளவு பேர் கிடைப்பாங்களா?

384ங்கிறது எண்ணிக்கையே இல்லாத பெரிய கூட்டத்துக்கான கணக்கு, 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வச்சு வர்றது. உங்க லிஸ்ட்ல 200 பேர்தான்னா 132 போதும், 150 பேர்னா 108. ஆனா லிஸ்ட் இவ்வளவு சின்னதா இருக்கிறப்போ சாம்பிளே எடுக்காதீங்க, எல்லாருக்கும் அனுப்பிடுங்க. அனுப்பினதுல 132 திரும்பி வந்தா அது குலுக்கல்ல எடுத்த 132 ஆகாது, அதுக்கு விளக்கம் கீழ வேற கேள்வியில இருக்கு.

கவருக்குள்ள என்னென்ன வைக்கணும், ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்டணும்?

ஒரு ஏ4 தாள் சுமார் 5 கிராம். கேள்வித்தாள் ரெண்டு தாள், லெட்டர் ஒண்ணு, அதுலயே 15 ஆச்சு. உள்ள வைக்கிற ரிட்டர்ன் கவர், வெளிக் கவர் எல்லாம் சேத்தா 20 கிராமைத் தாண்டிடும். சாதாத் தபாலுக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபா, அதனால போறதுக்கு 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டணும். திரும்பி வர்றது ரெண்டு தாளும் கவரும்தான், 5 ரூபா போதும். போறதுக்கு 5 ஒட்டிட்டீங்கன்னா குறைச்சலான ஸ்டாம்புக்கு டாக்டர்கிட்டயே ட்யூ கேப்பாங்க, அவரு கவரைப் பிரிக்கவே மாட்டாரு. எதுக்கும் போஸ்ட் ஆபீஸ் தராசுல ஒரு செட்டை வச்சு எடை பாத்துட்டு மொத்தமா வாங்குங்க.

ரிட்டர்ன் கவர்ல உங்க அட்ரஸ் எழுதி உண்மையான ஸ்டாம்ப் ஒட்டி வைங்க. பிசினஸ் ரிப்ளைன்னு ஒரு வசதி இருக்கு, திரும்பி வந்ததுக்கு மட்டும் காசு கட்டினா போதும், ஆனா ஒட்டின ஸ்டாம்புக்குத்தான் பதில் கூட வருதுன்னு தபால் சர்வேங்களைத் தொகுத்த, காக்ரேன்ங்கிற அமைப்போட ஆய்வு சொல்லுது, ஒட்டின ஸ்டாம்பைக் குப்பையில போட மனசு வராது. அட்ரஸைக் கையால எழுதுறதும் அதே தொகுப்புல பலன் தர்றதா வந்திருக்கு. கேள்வித்தாள் சின்னதா இருந்தாலும் பலன் உண்டு, ஆறு பக்கத்தை நாலாக்குங்க. லெட்டர்ல காலேஜ் லெட்டர்ஹெட், கைடு கையெழுத்து, எத்திக்ஸ் கமிட்டி நம்பர், எத்தனை நிமிஷம் ஆகும்ங்கிற உண்மை. ‘5 நிமிஷம்’னு போட்டு இருபது நிமிஷம் இழுத்தீங்கன்னா அவரு கோவம் அடுத்த ஸ்டூடண்ட் மேலதான் விழும்.

மழையில அனுப்பலாமா?

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் வேண்டாம். அக்டோபர், நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்சரிவு பயம், 2009 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கவர் நனையக் கூடாதுன்னு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அனுப்பலாம்னு ஒரு பொண்ணு ஐடியா கொடுத்துச்சு, நம்ம ஜில்லாவுல பிளாஸ்டிக் தடை இருக்கும்மான்னு சொன்னேன். ஏப்ரல், மே சீசன், ஊட்டி டாக்டர்களுக்கு டூரிஸ்ட் கேஸே சரியா இருக்கும். ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும், இல்ல செப்டம்பர். மழைக்காலத்துல ஆன்லைன் மட்டும் நல்லா ஓடும்னும் இல்ல, கரண்ட் போய் டவரும் படுத்துடும்.

ரிமைண்டர் எத்தனை தடவை அனுப்பலாம்? திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.

திட்டுறவங்க குறைவு, மறக்கிறவங்கதான் ஜாஸ்தி. டில்மன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1978ல தபால், டெலிஃபோன் சர்வேக்குன்னு ஒரு முழு முறையே எழுதி வச்சாரு, இன்னிக்கும் எல்லாரும் அதோட சாயல்லதான் போறாங்க. முன்கூட்டியே ஒரு சின்னக் கடிதம், அப்புறம் கேள்வித்தாள், ஒரு வாரம் பொறுத்து நன்றி சொல்ற மாதிரி ஒரு கார்டு, ரெண்டு மூணு வாரம் கழிச்சு பதில் வராதவங்களுக்குப் புதுசா இன்னொரு கேள்வித்தாள், கடைசியா ஒண்ணு. ரெண்டாவது காப்பி வைக்கிறது முக்கியம், முதல் கவர் எங்க போச்சுன்னு டாக்டருக்கே தெரியாது. அந்த நன்றிக் கார்டுக்கு 50 காசு போஸ்ட் கார்டே போதும், ஸ்டாக் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க. கார்டு திறந்த கடுதாசி, அதனால சர்வே எதைப் பத்தின்னு அதுல எழுதாதீங்க.

வாட்ஸ்அப்ல ரிமைண்டர்னா ராத்திரி பத்து மணிக்கு அனுப்பாதீங்க, அவ்வளவுதான்.

பேரு வேண்டாம்னு சொல்லிட்டு கேள்வித்தாள் மூலையில நம்பர் போடுறோமே, அது ஏமாத்துறது இல்லையா?

‘பேரு தெரியாது’ன்னு சொல்லிட்டு நம்பர் போட்டா ஏமாத்துறதுதான். ‘பேரை வெளிய சொல்ல மாட்டோம், ரிமைண்டருக்காக ஒரு நம்பர் இருக்கு, நம்பரும் பேரும் சேந்த லிஸ்ட் கைடுகிட்ட மட்டும் இருக்கும், சர்வே முடிஞ்சதும் அழிச்சிடுவோம்’னு லெட்டர்ல எழுதினா தப்பில்ல. எத்திக்ஸ் கமிட்டியும் இதைத்தான் கேக்கும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்ல ரகசியம் காக்கிறது பத்தித் தெளிவா இருக்கு.

கேள்வி ரொம்ப நாசூக்கானதுன்னா, தப்பான மருந்து எழுதினது, கமிஷன் வாங்குறது மாதிரி விஷயம்னா, நம்பரே வேண்டாம். கேள்வித்தாளோட தனியா ஒரு போஸ்ட் கார்டு வைங்க, உங்க அட்ரஸ் எழுதி, பின்னாடி டாக்டர் பேரும் ‘அனுப்பிட்டேன்’னு ஒரு வரியும். அவரு கேள்வித்தாளைத் தனியா போடுவாரு, கார்டைத் தனியா போடுவாரு. யாரு அனுப்பினாங்கன்னு தெரியும், எது அவரோடதுன்னு தெரியாது. ஆன்லைன்ல இதைச் செய்யறது கஷ்டம். அங்க கூகுள் ஃபார்ம்ல முன்கூட்டியே நிரப்பின லிங்க்னு ஒரு வசதி இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாள நம்பர் போட்ட தனி லிங்க் அனுப்பலாம், அப்போ யாருக்கு ரிமைண்டர்னு தெரியும், குரூப்புல பரவினாலும் ஒரே நம்பர் ரெண்டு தடவை வர்றதுல பிடிபடும். மேல சொன்ன அந்தக் கீழ் எண்ணும் கையில இருக்கும். அதுலயும் நம்பர் இருக்குன்னு சொல்லிடணும். இமெயில் சேகரிக்கிற செட்டிங் ஆஃப்ல இருக்கான்னு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

கவர்ல ஒரு பேனா, இல்ல நூறு ரூபா கிஃப்ட் கார்டு வைக்கலாமா?

பதில் கூடுமான்னா கூடும், டாக்டர்கள் விஷயத்துல சின்னத் தொகைக்கே பலன் இருக்குன்னு 2007 தொகுப்பு சொல்லுது, அதுவும் ‘பதில் போட்டா தருவோம்’னு சொல்றதை விட முதல்லயே வச்சு அனுப்புறதுதான் எடுபடும். ஆனா நம்ம ஊருல பணம் வைக்கச் சொல்ல மாட்டேன். மருந்து கம்பெனி, அதைச் சேந்த தொழில்காரங்ககிட்ட டாக்டர்கள் கிஃப்ட் வாங்கக் கூடாதுன்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 எத்திக்ஸ் ரெகுலேஷன்ல 2009ல சேத்தாங்க. நீங்க ஸ்டூடண்ட், கம்பெனி இல்ல, ஆனாலும் ஃபார்மஸி காலேஜ் கவர்ல பேனாவைப் பாத்தா டாக்டருக்கு முதல்ல அந்த நினைப்புதான் வரும். ரிசல்ட்டை ஒரு பக்கத்துல எழுதி அனுப்புறோம்னு சொல்லுங்க, சொன்னா அனுப்பவும் செய்யுங்க.

ஆன்லைன்ல எல்லாக் கேள்விக்கும் கட்டாயம்னு ஸ்டார் போட்டா விடுபடாதே, அது தபாலை விட நல்லதுதானே?

விடுபடாது, ஆளே ஓடிடுவாரு. பதில் தெரியாத கேள்வியில மாட்டினவரு ஒண்ணு ஃபார்மை மூடுவாரு, இல்ல ஏதோ ஒரு பட்டனைத் தட்டிட்டுப் போவாரு. பேப்பர்ல காலியா விட்ட இடம் நேர்மையான காலி, இங்க பொய்யா நிரம்பினது நிரம்பினதாவே நிக்கும். பாதியில மூடினவங்க எத்தனை பேருன்னும் கூகுள் ஃபார்ம் சொல்லாது, சப்மிட் ஆனது மட்டும்தான் கணக்கு. சம்மதம், தாலுகா, இந்த ரெண்டுக்கு மட்டும் ஸ்டார் போதும், மத்ததுல ‘சொல்ல விரும்பல’ன்னு ஒரு ஆப்ஷன் வைங்க. கட்டம் கட்டமா வர்ற கேள்விங்களை உங்க ஃபோன்ல தொறந்து பாருங்க, கடைசிக் கட்டம் ஸ்க்ரீனுக்கு வெளிய ஒளிஞ்சிருக்கும்.

ரெண்டு வழியில வந்ததையும் ஒரே ஷீட்ல சேக்கலாமா?

சேக்கலாம், எந்த வழியில வந்ததுன்னு ஷீட்ல ஒரு காலம் (column) கட்டாயம் வைங்க. கேள்வி வரிசை, ஆப்ஷன் வரிசை ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். ரெண்டுமே டாக்டர் தானே உக்காந்து நிரப்புறது, எதிர்ல ஆள் இல்ல, அதனால நேர்ல கேக்கிறதுக்கும் ஃபார்முக்கும் வர்ற அளவு வித்தியாசம் இங்க வராது. ஆனா பேப்பர்ல பதில் போட்டவங்க வயசானவங்களா இருப்பாங்க, அவங்க பதில் வேற மாதிரி இருந்தா அது பேப்பரால இல்ல, வயசால இருக்கலாம். பேப்பரை டைப் பண்றப்போ ரெண்டு பேர் தனித்தனியா டைப் பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க.

என் டாபிக்கே ஆன்லைன், தபால் கம்பேரிசன்தான். இளவட்ட டாக்டர்களுக்கு ஆன்லைன், சீனியர்களுக்கு தபால்னு பிரிச்சா சரியா வருமா?

அப்படிப் பிரிச்சா நீங்க ஒப்பிடுறது வயசை. லிஸ்ட்டைத் தாலுகாவாரியா வச்சு, குலுக்கல்ல பாதிப் பாதியா பிரிங்க, டாக்டரைத் தேர்ந்தெடுக்க விடாதீங்க. ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு வழியும் போனா கேன்டீன்ல பேசிக்குவாங்க, அதைத் தடுக்க முடியாது, எழுதி வைக்கலாம். ரெஸ்பான்ஸ் ரேட் மட்டும் பாக்காம பதில் வர எத்தனை நாள், ஒரு பதிலுக்கு எவ்வளவு செலவு, எத்தனை கேள்வி விடுபட்டுச்சுன்னும் பாருங்க.

இப்போ கசப்பான கணக்கு. ஒரு பக்கம் 20 சதவீதம், இன்னொரு பக்கம் 40ங்கிற அளவு பெரிய வித்தியாசத்தைப் பிடிக்கவே பக்கத்துக்கு 80 பேர் கிட்ட வேணும். 20க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம்னா பக்கத்துக்கு 290 பேர். முதல் பதில்ல சொன்ன பத்து, பதினோரு புள்ளிங்கிறது இந்த ரெண்டாவது ரகம். உங்க லிஸ்ட் 200 பேர்னா அதை நிரூபிக்க முடியாது, ‘வித்தியாசம் இல்ல’ன்னு முடிவுல எழுதாதீங்க, ‘எங்களால பிடிக்க முடியல’ன்னு எழுதுங்க. இல்லன்னா கோயம்புத்தூரையும் சேத்துக்கோங்க.

ரெஸ்பான்ஸ் 50 சதவீதம்தான் வந்துச்சு, வைவால மாட்டினா என்ன சொல்றது?

முதல்ல கணக்கு சரியான்னு பாருங்க. 160 கவர் போச்சுன்னு வச்சுக்கோங்க, 12 பேர் கிளினிக்கை நிரந்தரமா மூடிட்டுப் போயிட்டாங்கன்னு உறுதியாச்சு, 8 பேர் ரிட்டயர் ஆகிட்டாங்க இல்ல ஜில்லாவை விட்டு மாறிட்டாங்க, 70 நிரம்பி வந்துச்சு. 140க்கு 70, அதாவது 50 சதவீதம். 160ஐ வச்சுப் போட்டா 44. ஆனா சும்மா பதில் வராதவங்களையெல்லாம் ‘அட்ரஸ் தப்பா இருக்கும்’னு கழிக்கக் கூடாது, உறுதியா தெரிஞ்சவங்களை மட்டும்தான்.

அப்புறம் பதில் போடாத 70 பேரைப் பத்தி லிஸ்ட்லயே உங்களுக்குத் தெரியும், தாலுகா, ஆணா பெண்ணா, அரசா தனியாரா. பதில் போட்டவங்களோட அவங்களை ஒப்பிட்டு ஒரு டேபிள் போடுங்க. ரிமைண்டருக்கு அப்புறம் வந்தவங்க பதிலை முதல் வாரம் வந்ததோட தனியா ஒப்பிடுங்க, கடைசியா வந்தவங்க ஓரளவுக்கு வராதவங்க சாயல்ல இருப்பாங்கங்கிற நம்பிக்கையில செய்யறது, முழு நிரூபணம் இல்ல. இந்த ரெண்டு டேபிளோட நிக்கிற 50 சதவீதம், டேபிளே இல்லாத 70ஐ விட மேலன்னு நான் சொல்லுவேன்.

பந்தலூர் பக்கம் ஒரு ஸ்பெஷாலிட்டிக்கு ஒரே ஒரு டாக்டர்தான் லிஸ்ட்ல இருக்காங்க, டேபிள்ல எப்படிப் போடுறது?

போடாதீங்க. பேரை எடுத்துட்டா மட்டும் போதாது, தாலுகா, ஸ்பெஷாலிட்டி, பெண், 50 வயசுக்கு மேலன்னு நாலு விவரம் சேந்தா அந்தப் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவருக்கே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். அஞ்சு பேருக்குக் குறைவா வர்ற கட்டத்தையெல்லாம் சேத்துடுங்க, கூடலூரும் பந்தலூரும் ஒண்ணு, ஸ்பெஷலிஸ்ட் எல்லாரும் ஒண்ணு. ரா டேட்டாவை யாருக்காவது கொடுக்கிறப்போவும் இதே விதி.

தபாலும் வேண்டாம் லிங்க்கும் வேண்டாம், ரிசப்ஷன்ல கொடுத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கிறேன். அது எந்த மெத்தட்ல வரும்?

ரெண்டுலயும் வராது, அது மூணாவது வழி, தனியாத்தான் எழுதணும். நம்ம ஊருல நல்லாவே வேலை செய்யும், ஏன்னா திரும்ப வந்து நிப்பீங்கன்னு டாக்டருக்குத் தெரியும். அதுலதான் சிக்கலும், திறந்த பேப்பரா வாங்காதீங்க, ஒட்டின கவர்லதான் வாங்கணும், இல்லன்னா டாக்டருக்கு முன்னாடி ரிசப்ஷன் அக்கா படிச்சிடுவாங்க. சில எடத்துல அவங்களே நிரப்பியும் வச்சிடுவாங்க. கையெழுத்தைப் பாருங்க, மூணு டாக்டரோட கேள்வித்தாள்ல டிக் மார்க் எல்லாம் ஒரே சாய்வுல இருந்தா அந்த மூணையும் தனியா எடுத்து வச்சிட்டு டாக்டருக்கே நேரா ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க.